கரையேறக் காத்திருக்கும் படகுகள்

மும்பையில் வாழும் நமக்குக் கோடை என்றால் பள்ளி விடுமுறை, ஊருக்குப் போக ரயில் டிக்கெட், ஒரு பெட்டி ஹாபூஸ் மாம்பழம். இவை ஒரு பக்கம் இருக்க, இதே நகரத்தின் விளிம்பில் வேறொரு கோடை நடந்துகொண்டிருக்கிறது. வொர்லி, மாஹிம், கஃப் பரேட், வெர்சோவா, மட் ஆகிய இடங்களில் உள்ள கோலிவாடாக்களில், அதாவது கோலி இன மீனவர்களின் குடியிருப்புகளில், ஏப்ரலும் மேயும்தான் ஆண்டிலேயே அதிகப் பரபரப்பான மாதங்கள்.

காரணம் எளிது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்ட தடை இது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் தடையைப் போட்டுவைத்திருந்தது. அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிய வேண்டுமானால், அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் சம்பாதித்துச் சேர்த்தாக வேண்டும்.

ஊரிலிருந்து இந்த நாட்களில் இங்கே வரும் நம் உறவினர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அங்கே காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேசுவரத்திலும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கிழக்குக் கரை ஓய்வெடுக்கும்போது மேற்குக் கரை ஓட்டமாய் ஓடுகிறது. மேற்குக் கரை ஒதுங்கும்போது கிழக்குக் கரை புறப்படுகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையோர ஊர்கள் மட்டும் மும்பையின் கணக்கையே பின்பற்றுகின்றன.

பஞ்சாங்கமே கடிகாரம்

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு மும்பைக் கடல் ஒரு புதிர். காலையில் அலை மோதிய இடத்தில் பிற்பகலில் சேறும் பாறையுமாகக் கிடக்கும். படகுகள் ஒருக்களித்துச் சேற்றில் படுத்திருக்கும். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. இந்தப் பெரிய ஏற்றத்தைக் கோலிகள் 'உதாண்' என்கிறார்கள். அஷ்டமியை ஒட்டி நீரோட்டம் மந்தமாகும் நாட்களுக்குப் 'பாங்' என்று பெயர்.

இந்த நீரோட்டத்தை நம்பித்தான் இங்குள்ளவர்களின் பழைய தொழில்முறை இருக்கிறது. 'டோல்' என்னும் பைவலை நீண்ட கூம்பு போல இருக்கும். கடலடியில் ஊன்றிய கம்பங்களில் அதைக் கட்டி, வாயை நீரோட்டத்துக்கு எதிராக விரித்துவிடுவார்கள். ஓடும் தண்ணீரே மீனைக் கொண்டுவந்து வலைக்குள் தள்ளும். தண்ணீர் ஓட்டம் நின்று திரும்புவதற்குள் வலையைத் தூக்கியாக வேண்டும். ஆகவே மீனவன் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைச் சூரியன் தீர்மானிப்பதில்லை; சந்திரன் தீர்மானிக்கிறது.

அதற்கு இந்தக் கரையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. அன்றைய திதியின் எண்ணை மூன்றால் பெருக்கி நான்கால் வகுத்தால், கடல் ஏறி நிற்கும் நேரம் சுமாராகக் கிடைக்கும். சதுர்த்தி என்றால் மூன்று மணி. அஷ்டமி என்றால் ஆறு மணி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். வீட்டில் தினசரி நாட்காட்டி மாட்டியிருக்கும் வாசகர்கள் ஒருநாள் தாதர் சௌபாத்தியிலோ ஜுஹுவிலோ சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொம்பில் தோரணம்

வெர்சோவாவில் கால் வைத்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிடும். வரிசை வரிசையாக மூங்கில் பந்தல்கள். அவற்றின் குறுக்கே கயிறுகள். கயிறு நெடுகப் பொம்பில் மீன்கள் தோரணம் போலத் தொங்கும். இந்தப் பந்தலுக்கு 'வலாண்டி' என்று பெயர். மாட்டுவதற்குக் கொக்கி கிடையாது, நூல் கிடையாது. இரண்டு மீன்களின் வாயை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக் கயிற்றின் மேல் போட்டுவிடுகிறார்கள். கூரிய பற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். காற்றுக்கும் விழாது. பெண்களின் கைகள் இதைச் செய்யும் வேகத்தைப் பார்த்தால், பூக்கட்டும் நம் ஊர்க்காரிகளின் நினைவு வரும்.

ஆங்கிலேயர்கள் 'பம்பாய் வாத்து' என்று பெயரிட்ட மீன் இதுதான். உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பச்சையாக வைத்தால் சில மணி நேரத்தில் குழைந்துவிடும். நல்ல வெயிலில் ஓரிரு நாள் தொங்கினால் குச்சி போல் ஆகி மாதக்கணக்கில் கெடாது. அதனால் ஏப்ரல் வெயில் நமக்குச் சாபம் என்றால் இவர்களுக்கு மூலதனம். பக்கத்திலேயே 'ஜவ்ளா' என்னும் பொடி இறால், நம் ஊர்க் கூனி, தரையில் பரப்பிக் காயும். அதைப் புரட்டிவிடவும் காக்கையை விரட்டவும் பாட்டிமார்கள் குடையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கருவாட்டுப் பணம் பெரும்பாலும் பெண்களின் கையில் வரும் பணம். கோலி வீடுகளில் கடலோடு ஆணின் வேலை முடிகிறது. கரையில் மீன் இறங்கிய பிறகு ஏலம் கேட்பது, கூடையில் ஏற்றுவது, சந்தையில் உட்கார்ந்து விற்பது, கடன் அடைப்பது, நகை வாங்குவது, அதை அடகு வைப்பது எல்லாம் பெண்களின் பொறுப்பு. 1875-ல் கட்டப்பட்ட சசூன் டாக்கிலும், 'பாவுச்சா தக்கா' என்று மக்கள் சொல்லும் ஃபெர்ரி வார்ஃபிலும் விடியுமுன் போய்ப் பார்த்தால் அந்த ராஜ்யம் யாருடையது என்று விளங்கும். நம் வீட்டுப் பெண்கள் "மாவ்ஷி, சரியா விலை சொல்லு" என்று தமிழும் மராத்தியும் இந்தியும் கலந்து கேட்பதும், "அக்கா, உனக்காகத்தான் இந்த விலை" என்று பதில் வருவதும், கடைசியில் இரண்டு பேருமே ஜெயித்த முகத்தோடு பிரிவதும் நாம் தினம் காணும் காட்சிதான்.

மிளகாயும் மாங்காயும்

மழைக்கு முன் வீட்டுக்கு வேண்டியதை வாங்கி அடுக்குவதற்கு இந்தப் பக்கத்தில் 'ஆகோட்' என்று பெயர். அரிசி, பருப்பு, வெங்காயம், விறகு என்று அந்தக் காலத்தில் பெரிய பட்டியல். இன்று கடைகள் பெருகியதால் பட்டியல் சுருங்கிவிட்டது. இரண்டு மட்டும் மாறவில்லை. ஒன்று கருவாடு, மே மாதத்தில் மரோல் சுக்கா மீன் சந்தையில் கூடும் கூட்டமே சாட்சி. மற்றொன்று மசாலா.

கோலி மசாலாவுக்குப் பல ஊர் மிளகாய் சேரும். நிறத்துக்குக் காஷ்மீரி, பேடகி. காரத்துக்குக் குண்டூர் அல்லது சங்கேஸ்வரி. மாடியிலும் தெருவிலும் சிவப்புக் கம்பளம் விரித்தது போல் மிளகாய் காயும். பிறகு தனியா, மிளகு, பட்டை, கிராம்பு என்று ஒவ்வொன்றாக வறுத்து இடிப்பார்கள். இன்று உலக்கைக்குப் பதில் பல இடங்களில் மின்சார இயந்திரம் வந்துவிட்டது. தும்மல் மட்டும் பழையபடியே இருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான மசாலா ஜாடிக்குள் போன பிறகுதான் வீட்டுக்காரிக்கு நிம்மதி.

காய்ந்த ஜவ்ளாவைப் பச்சை மாங்காயோடு சேர்த்துச் சமைப்பது இந்தப் பருவத்தின் விசேஷம். நெத்திலிக் கருவாட்டில் மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கும் திருநெல்வேலி வீட்டுக்கும் கோலி வீட்டுக்கும் இந்த ஒரு விஷயத்தில் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

மேளமும் தேவியும்

உழைப்பு இப்படி நெருக்கும் மாதங்களில்தான் கல்யாணங்களும் வருகின்றன. கையில் காசு புழங்கும் காலம் இது. மழை வந்தால் பந்தல் போட முடியாது. முதல் நாள் இரவு மஞ்சள் பூசும் சடங்குக்கு பாண்டு வாத்தியம் முழங்கும், தெரு முழுக்க ஆடும். சடங்குகளை நடத்திப் பாட்டுப் பாடும் மூதாட்டிகள் உண்டு. அவர்களை 'தவலாரின்' என்பார்கள். இந்தப் பாட்டுகள் வாய்வழியாகவே வந்தவை. அவற்றை முழுதும் அறிந்த பாட்டிமார் வரவரக் குறைகிறார்கள்.

சித்திரையை ஒட்டி வரும் சைத்ர மாதத்தில் லோணாவ்ளா அருகே கார்லாக் குகைகளை அடுத்துள்ள ஏக்வீரா தேவி கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்வருவார்கள். இந்த நகரத்துக்குப் பெயர் தந்த மும்பாதேவியும் கோலிகளின் தெய்வமே.

தண்டலும் நகுதாவும்

படகின் தலைவனை இங்கே 'தாண்டேல்' என்கிறார்கள். அது பலருக்குக் குடும்பப் பெயராகவும் ஆகிவிட்டது. நம் தென் மாவட்டத் துறைமுகங்களில் தோணித் தலைவனைத் 'தண்டல்' என்பதை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் அந்நியமல்ல. படகு உரிமையாளர் இங்கே 'நாக்வா', நம்மிடம் 'நகுதா'. படகாட்களுக்கு இரு கரையிலும் 'கலாசி' என்ற பெயர் செல்லும். மொழி வேறாக இருந்தாலும் கடலுக்குப் பொது அகராதி ஒன்று இருந்திருக்கிறது.

மே மாதக் கடைசியில் கலாசிகளின் கணக்குத் தீர்க்கப்படும். இன்று படகுகளில் வேலை செய்பவர்களில் பலர் வெளிமாநிலத்தார். முன்பணம் போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறுவார்கள். சீசன் நன்றாக இருந்தால் சிரித்துக்கொண்டு பிரிவார்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக் கணக்கில் கடன் ஏறும்.

படகைக் கரையேற்றுவதும் சந்திரன் பார்த்துச் செய்யும் வேலைதான். மாதக் கடைசியில் வரும் பெரிய ஏற்றத்துக்காகக் காத்திருந்து, நீர் உச்சத்தில் நிற்கும்போது படகை எவ்வளவு மேலே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்து நிறுத்துவார்கள். நீர் வடிந்ததும் படகு தரையில் அமரும். முட்டுக்கொடுத்து, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்த்து, எண்ணெய் பூசி, தார்ப்பாய் போர்த்துவார்கள். வலைகள் வீட்டுக்குள் போகும். இரண்டு மாதம் திண்ணையெல்லாம் கிழிசல் தைக்கும் வேலை.

வானமும் தூண்களும்

இந்தக் கணக்கு எல்லாம் வானம் சொன்ன சொல் தவறாதவரை சரி. மும்பைக்குப் பருவமழை வழக்கமாக வரும் நாள் ஜூன் 11. 2025-ல் அது மே 26-லேயே வந்துவிட்டது. சட்டப்படி தொழிலுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது, கடல் அனுமதிக்கவில்லை. 2021 மே மாதம் 'தாக்தே' புயலும், 2020 ஜூன் 3-ல் அலிபாகில் கரை கடந்த 'நிசர்கா' புயலும் இந்தக் கரையைப் பதம் பார்த்தவை. பந்தலில் தொங்கும் பொம்பிலின் மேல் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். அன்றைய உழைப்பு உரக்குழிக்குத்தான்.

மீனும் முன்போல் இல்லை என்ற பேச்சை எல்லாக் கோலிவாடாவிலும் கேட்கலாம். 'பாப்லேட்' என்னும் வெள்ளை வாவலை 2023-ல் மகாராஷ்டிர அரசு மாநில மீனாக அறிவித்தது. அந்த மீன் அருகி வருவது அதற்கு ஒரு முக்கிய காரணம். டோல் வலையைத் தூக்கினால் மீனோடு பிளாஸ்டிக் பையும் வருகிறது. அது நாம் சாக்கடையில் போட்டு, மித்தி ஆறு கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நகரம் கடலை நோக்கி நகரும்போது முதலில் இடிபடுவது இவர்களின் வழி. வொர்லியில் கடலோரச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இடைவெளி என்று திட்டமிடப்பட்டிருந்தது. காற்றும் நீரோட்டமும் தள்ளும்போது அந்த இடுக்கில் படகைச் செலுத்துவது ஆபத்து என்று மீனவர்கள் பல மாதம் போராடினார்கள். கடைசியில் ஒரு தூணைக் கைவிட்டு, இடைவெளி 120 மீட்டராக்கப்பட்டது. அவர்கள் கேட்டது இதைவிட அதிகம். ஆனாலும் நிபுணர்களின் வரைபடத்தைக் கரைக்காரர்களின் அனுபவம் மாற்றிய அரிய சம்பவம் இது.

நமக்கும் இதில் பங்குண்டு

மும்பைத் தமிழர்களுக்குக் கோலிகள் யாரோ எவரோ அல்ல. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய தாராவி, 1909-ல் வெளியான பம்பாய் கெஸட்டியரில் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. சயான் கோலிவாடாவில் நாம் பொங்கல் கொண்டாடுகிறோம்; பெயரில் மட்டும் பழைய குடிகள் இருக்கிறார்கள். கழிமுகம் தூர்ந்து நிலமாகி, அந்த நிலத்தில் நாமெல்லாம் வீடு கட்டி வாழும்போது, அங்கே வலை விரித்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மே 31-க்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை வெர்சோவாவுக்கு அழைத்துப் போகலாம். அங்கிருந்து மட் தீவுக்குப் படகுப் பயணமும் உண்டு. பந்தலில் காயும் பொம்பிலைக் காட்டலாம். நாலு கட்டு வாங்கியும் வரலாம். ஜூன் பிறந்துவிட்டால் தார்ப்பாய் போர்த்திய படகுகளைத்தான் பார்க்க முடியும்.

பிறகு ஆவணி அவிட்டத்துக்கு நம்மில் சிலர் பூணூல் மாற்றும் அதே பௌர்ணமி நாளில், கோலிகள் கடலுக்குத் தேங்காய் போட்டு நாரளி பூர்ணிமா கொண்டாடுவார்கள். இந்தக் கோடையில் காய்ந்தது அதுவரை போதுமா என்பதுதான் இப்போது ஒவ்வொரு கோலி வீட்டிலும் போட்டுப் பார்க்கும் கணக்கு.