கடையின் பேருக்கும் ஒரு விலை உண்டு

மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடை கைமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வந்தவர் அலுமாரிகளை எண்ணுகிறார், துணிகளுக்கு விலை போடுகிறார், கடன் கொப்பியைப் புரட்டுகிறார். ஆனால் பெருநாள் நெருங்கியதும் உக்குவெலையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் பஸ் ஏறி, வேறெந்தக் கடையையும் பாராமல் அங்கேயே வந்து நிற்கிறார்களே சனங்கள், அந்த வருகைக்கு யார் விலை போடுவது?

அதைத்தான் கணக்கியலில் 'நன்மதிப்பு' என்கிறார்கள். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்பி வரும் சாத்தியமே நன்மதிப்பு என்று 1810இல் இங்கிலாந்தின் எல்டன் பிரபு விளக்கம் சொன்னார்.

இது ஆண்களின் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைக்காரர் மௌத்தாகி, மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கும்போதே பல கடைகளின் கணக்கு முடிந்துவிடுகிறது. சரக்குக்கு மட்டும் விலை பேசி, பங்காளியோ கணவரின் சகோதரரோ கடையை எடுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எதில் எட்டில் ஒன்று? பேரின் பெறுமதியைச் சேர்க்காமல் பிரித்தால் அவளுக்கும் குறைகிறது, பிள்ளைகளுக்கும் குறைகிறது.

இவ்விஷயத்தில் பேர்போன வழக்கே ஒரு விதவையுடையதுதான். இங்கிலாந்தில் வார்னிஷ் தயாரித்த டேபர் டிரிகோ கம்பனியில், கணவருக்குப் பின் திருமதி டிரிகோவும் ஹண்ட் என்பவரும் பங்காளிகள். நன்மதிப்பு முழுவதும் அம்மணிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். பங்குடைமை முடியுமுன்பே ஹண்ட், ஒரு கிளார்க்கை வைத்து வாடிக்கையாளரின் பெயர், விலாசங்களை எல்லாம் பிரதி எடுக்கத் தொடங்கினார். பிறகு தனிக்கடை போட்டு அவர்களை அழைப்பதற்காகத்தான்! வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1896ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இடம்பெற்ற தீர்ப்பு இதுதான்: ஹண்ட் போட்டியாகக் கடை திறக்கலாம், ஆனால் பழைய வாடிக்கையாளரைத் தேடிப்போய் அழைக்கக் கூடாது.

நம் நாட்டில் வர்த்தக விவகாரங்களுக்கு, வேறு சட்டம் இல்லாதவிடத்து, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இங்கிலாந்துச் சட்டமே பொருந்துகிறது. ஆகவே இத்தீர்ப்பு நமக்கும் தூரமானதல்ல.

ஆனால் அதிலுள்ள ஓட்டையைக் கவனித்தீர்களா? விற்றவர் பக்கத்திலேயே கடை போடலாம், தானாக வரும் வாடிக்கையாளருக்கு வியாபாரமும் செய்யலாம். அது வேண்டாமென்றால் "இத்தனை வருடத்துக்கு, இந்த எல்லைக்குள் இதே வியாபாரம் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்க வேண்டும். அதிலும் நியாயமான அளவு தேவை. 1894இல் பீரங்கி வியாபாரி நோர்டன்ஃபெல்ட்டை, உலகம் முழுவதற்குமாக 25 வருடம் கட்டுப்படுத்திய ஒப்பந்தம் செல்லுபடியானது. ஏனெனில் பீரங்கி வாங்குபவை அரசாங்கங்கள். மாத்தளைப் புடவைக் கடைக்கு 'இலங்கை முழுதும்' என்று எழுதினால் நிற்பது கடினம். மாத்தளை நகரம், இரண்டு மூன்று வருடம் என்றால் நிற்க இடமுண்டு.

"நமக்குள் எதற்கு எழுத்து?" என்று மச்சான்மார் கேட்பார்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியதுதானே!

வாடகைக் கடையானால் 'கீ மணி' தலைகாட்டும். இது வேறு, நன்மதிப்பு வேறு. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி இதைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. வாடகைக் காலம் மீதமிருக்கும்போது, ஒப்பந்தத்துக்கு மாறில்லாவிட்டால், அந்த மீதியை விட்டுக்கொடுக்கப் பணம் பெறலாம். நீண்டகால வாடகையானால் கட்டட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். காலம் முடிந்தபின் பெறுவது கூடாது, அப்போது விற்க அவரிடம் உரிமையே இல்லை. அதே ஆண்டு குவைத்தில் கூடியபோது, வியாபாரப் பெயர் பணப் பெறுமதியுள்ள உரிமை என்றும், ஏமாற்று இல்லாதபோது அதை விற்கலாம் என்றும் அக்கடமி ஏற்றுக்கொண்டது.

கடை உங்கள் வீட்டில் கைமாறுவதானால், சட்டத்தரணியிடம் போகுமுன் கடன் கொப்பியை ஒருமுறை கேட்டு வாங்குங்கள். நிலுவையை அறவிடுவது விற்றவரா, வாங்கியவரா என்று எழுதாமல் விட்டால், அந்தச் சாக்கிலேயே பழையவர் ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் போய்வந்துவிடுவார்.