உள்ளம் தெளிந்தால் பாடம் தெளியும்

தேர்வறையில் வினாத்தாளைக் கண்டதும், படித்த பாடம் மறந்துபோவதேன்? அறிவுக் குறைவன்று, பலவேளை அச்சமே காரணம். கணக்கிடும்போது எண்களைத் தாங்கி நிற்கும் நினைவின் இடம் சிறிது. அங்கே கவலை குடியேறினால் கணக்குக்கு இடமேது?

தம் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து, நல்வழியில் செலுத்தும் திறனே உணர்ச்சி நுண்ணறிவு. அமெரிக்க உளவியலார் சாலவே, மேயர் இருவரும் 1990-இல் இதனை விளக்கி எழுதினர்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கரோலின் மக்கேன் குழுவினர், 27 நாடுகளில் பள்ளி முதல் கல்லூரி வரை பயிலும் 42,000-க்கு மேற்பட்ட மாணவரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்டனர். இத்திறன் மிக்கோர் சற்று உயர்ந்த மதிப்பெண் பெறுவதைக் கண்டனர். அச்சம், சலிப்பு, ஏமாற்றம் ஆகியவற்றைத் தாங்குவதும், ஆசிரியரோடும் தோழரோடும் இணங்கிப் பழகுவதும், கதைமாந்தர் உள்ளத்தை உணர்வதும் காரணமாகலாம் என்றனர். அறிவியலைவிட இலக்கியம் முதலிய பாடங்களில் இப்பயன் மிகுதி.

நாளை கல்லூரி விடுதியில் நம்மைத் தேற்ற அன்னை அருகில் இரார். ஆகவே மதிப்பெண் குறைந்த நாளில், "நான் மக்கு" என்று முடங்காமல், "வருத்தந்தான், எங்கே தவறினேன்?" என்று கேட்கப் பழகுவோம். அழும் தோழியின் அருகில் சற்று அமர்வோம். இறைவன் தந்த அறிவு, அமைதியான உள்ளத்திலன்றோ மலரும்!