சுவருக்குள் ஒரு குட்டிக் கதவு!

குட்டீஸ்... ஒரு விடுகதை! சுவரில் இருக்கும், நகராது. மூன்று ஓட்டை உண்டு, மூச்சு விடாது. விரலை விட்டால் சும்மா விடாது. அது என்ன?

அதேதான்... பிளக் பாயிண்ட்!

'இது ஹாலின் அழகையே கெடுக்கிறது' என்று சிலர் அதை சோபாவுக்குப் பின்னாலோ, திரைச்சீலைக்குப் பின்னாலோ மறைத்து விடுவார்கள். 'பாப்பா கண்ணில் படக் கூடாது' என்று மறைப்பவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆபத்து போய்விடுமா? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். திரைக்குப் பின்னால் இருந்தாலும் அதே 230 வோல்ட்தான்!

அப்படியானால் எதை மறைக்க வேண்டும்? பிளக் பாயிண்டை அல்ல. அதன் உள்ளே மின்சாரம் ஓடும் உலோகத்தை!

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு பெண் பொறியாளர் இருக்கிறார். அவர் பெயர் கரோலின் ஹாஸ்லெட். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளில் மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய பிரிட்டனில் 20 பேர் குழு அமைத்தார்கள். அதில் ஒரே பெண் இவர்தான். சின்னக் குழந்தைகளின் பாதுகாப்பு முக்கியம் என்று வலியுறுத்தினார். 1947ல் அந்த நாட்டில் வந்த புதிய பிளக் பாயிண்டில், ஓட்டைகளுக்கு உள்ளேயே குட்டிக் கதவுகள் வைக்கப்பட்டன.

கதவு எப்படித் திறக்கும்? பிளக்கின் மூன்று பின்களில் ஒன்று மட்டும் நீளமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் 'எர்த்' பின். நீளமாக இருப்பதால் அதுவே முதலில் உள்ளே போகும். கதவைத் தள்ளித் திறக்கும். பிறகுதான் மற்ற இரண்டு பின்களுக்கும் வழி கிடைக்கும். பிளக்கை உருவினால் கதவு தானாக மூடிக்கொள்ளும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிளக் பாயிண்ட்கள் பலவற்றிலும் இப்படிக் கதவு உண்டு.

சரி, ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் மூடி வாங்கி அடைத்து விடலாமா? அவசரப்படாதீர்கள்! அளவு சரியில்லாத மூடி, உள்ளே இருக்கும் கதவைத் திறந்தபடியே நிறுத்தி விடலாம். அதனால்தான் 2016ல் பிரிட்டனின் சுகாதாரத் துறை, இத்தகைய மூடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. பாதுகாப்புக்கு வாங்கியதே வம்பாகி விட்டது, பார்த்தீர்களா?

உங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் பழையதா? கதவு இல்லையா? எலக்ட்ரீஷியனை வைத்து, கதவு உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தை நிறுத்தும் 'டிரிப்பர்' இருக்கிறதா என்றும் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

அழகுக்காக மறைக்கவே கூடாதா? மறைக்கலாம். சுவரின் நிறத்திலேயே பலகை வாங்கலாம். மேஜையின் பக்கவாட்டில் பொருத்தலாம். ஆனால், இவற்றை மறக்கக் கூடாது:

* சுவிட்ச் எப்போதும் கைக்கு எட்ட வேண்டும். புகை வந்தால் சோபாவை நகர்த்திக் கொண்டிருக்க நேரம் இருக்காது!

* துணி, காகிதம், மெத்தை பிளக்கை உரசக் கூடாது. பிளக் தளர்வாக இருந்தால் சூடாகும், தீப்பிடிக்கலாம்.

* கட்டிலோ பீரோவோ பிளக்கை அழுத்தி, வயரை மடக்கக் கூடாது.

* பென்சில், ஊக்கு, கம்பி எதையும் ஓட்டைக்குள் விடவே கூடாது. கதவு திறக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் கூடாது!

* யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைக்கும்படி சத்தம் போட்டு பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அல்லது அம்மாவுடன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எத்தனை பிளக் பாயிண்ட் இருக்கிறது? அவற்றில் எத்தனைக்கு சுவிட்ச் உடனே கைக்கு எட்டுகிறது? இரண்டு எண்களையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால், அன்றைக்கே சோபாவை நகர்த்தும் வேலை இருக்கிறது!