உங்களுக்குத் தெரியுமா? நடந்தால் மின்சாரம், மேய்ந்தாலும் மின்சாரம்!

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தி விலங்கியல் பூங்காவில் புள்ளிமான் மேய்வதைக் கவனித்துப் பாருங்கள். தலையைத் தாழ்த்தும், சட்டென்று நிமிரும், காதை உதறும், திடீரென்று நாலடி பாயும். ஒழுங்கான தாளமே கிடையாது. இப்படித் தாறுமாறான அசைவிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம்!

டென்மார்க், ஜெர்மனி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ‘கைனஃபாக்ஸ்’ கழுத்துப்பட்டை அப்படிப்பட்டது. விலங்கு அசையும்போதெல்லாம் உள்ளே ஒரு சிறு எடை ஊசலாடி, குட்டி ஜெனரேட்டரைச் சுழற்றும். சாவி கொடுக்காமலே ஓடும் ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் உத்திதான். மின்சாரம் மின்தேக்கியில் போதிய அளவு சேர்ந்ததும், கருவி தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் கண்டறிந்து ரேடியோ வழியே அனுப்பிவிடும். நாய்கள், ஒரு மட்டக்குதிரை, ஒரு ஐரோப்பியக் காட்டெருது ஆகியவற்றுக்குக் கட்டிச் சோதித்தார்கள்.

பேட்டரி மாற்றுவதற்காகக் காட்டு விலங்கை மயக்க ஊசி போட்டு மறுபடி பிடிப்பது அதற்கு எத்தனை வதை! அது தேவையில்லை என்பதே இதன் பெரிய நன்மை.

விலங்கின் அசைவைப் போலவே இயந்திரங்களின் அதிர்வும் பல நேரம் ஒழுங்கற்றது; அதிலிருந்து மின்சாரம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதிர்வை மின்சாரமாக்கும் சாதாரணக் கருவி, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அதிர்ந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 2009இல் இத்தாலியின் பெரூஜியா ஆய்வாளர்கள், ஒன்றையொன்று விலக்கும் காந்தங்களை வைத்து, கருவியிலுள்ள ஊசல் இரு நிலைகளுக்கிடையே தாவும்படி செய்தார்கள். ஒழுங்கற்ற அதிர்விலிருந்து கிடைக்கும் மின்சாரம் கூடியது.