பரணில் கிடக்கும் தாத்தாவின் துப்பாக்கி

"அது தாத்தா காலத்துத் துப்பாக்கி, அதுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் பக்கம் முந்திரித் தோப்பும் மக்காச்சோளக் கொல்லையும் வைத்திருக்கும் குடும்பங்கள் இதற்கான பதிலைத் தெரிந்துகொள்வது அவசியம். பன்றி விரட்ட வாங்கிய நாட்டுத் துப்பாக்கி, வாங்கியவர் இறந்த பிறகும் பரணிலேயே கிடந்தால் வழக்கு வீட்டில் இருப்பவர்கள் மீதுதான் வரும்.

பழையது என்பதற்காக மட்டும் சட்டம் யாரையும் விட்டுவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரி, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது ஆகிய ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் அதைச் சுடப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும். குழல் துருப்பிடித்திருக்கிறது, விசை உடைந்திருக்கிறது என்று நாமே முடிவுகட்டுவது போதாது. கொல்லன் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்ய நினைப்பது இன்னும் ஆபத்து. உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கு 7 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை உண்டு. உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின், 2 முதல் 5 ஆண்டுச் சிறை.

சேகரிக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு 2020 பிப்ரவரியில் ஒரு வழி பிறந்தது. அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டாம் என்று மத்திய உள்துறை விதியைத் திருத்தியது. ஆனால் சுட, கொண்டு செல்ல, வேறிடத்துக்கு அனுப்ப உரிமம் கட்டாயம். உரிமத்தில் பதியாமல் தோட்டாவும் விற்கக் கூடாது. காசு கொடுப்பதற்கு முன், அது அந்த வகைதானா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவரின் வாய்ச்சொல் வழக்கில் நிற்காது.

அமெரிக்காவில் 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தனி உரிமம் இருக்கிறது. அதைப் பார்த்து இங்கே ராணுவ உபரியைத் தேடாதீர்கள். காவல்துறையின் பழைய .303 ரைபிளும் .410 மஸ்கட்டும் நம் விதிகளில் தடைசெய்யப்பட்ட வகை.

வாரிசுகளுக்கு நேர்வழி உண்டு. உரிமதாரர் இறந்தால், அல்லது 70 வயதை எட்டினால், அல்லது 25 ஆண்டு வைத்திருந்தால், குடும்பத்தார் தம் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முடிவு வரும்வரை துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

எந்தக் காலத்திலும் உரிமமே இல்லாத துப்பாக்கி என்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அதுவும் உரிமமற்ற விற்பனைதான். உள்ளே மருந்து கெட்டித்துக் கிடக்கலாம் என்பதால் விசையைத் தொட வேண்டாம், பிள்ளைகளை அண்டவிட வேண்டாம். பையில் போட்டுப் பேருந்தில் கொண்டு போகாமல், கருவேப்பிலங்குறிச்சி காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். ஒப்படைத்ததும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.