உப்புக் காற்றும் பழைய கணினியும்

‘ஜுராசிக் பார்க்’ படத்தில் கணினி வரைந்த டைனோசர்கள் நினைவிருக்கிறதா? அவை சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் கணினிகளில், சொஃப்ட்இமேஜ் போன்ற மென்பொருட்களைக் கொண்டு உருவானவை. படம் வந்த 1993இலேயே அந்த நிறுவனம் ‘இண்டி’ என்ற நீல நிறக் கணினியையும் வெளியிட்டது. 2009இல் நிறுவனம் வங்குரோத்தானது. ஆனாலும் இண்டியைத் திருத்தி ஓடவிடும் ஆர்வலர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பெருந்தலைவலி ஒரு சின்னக் கறுப்புச் சில்லு. நேரத்தையும் இயந்திரத்தின் அடையாள எண்ணையும் காப்பது அதுதான். மின்கலம் சில்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. அது செத்தால் எண்ணும் அழியும். அந்த எண்ணுக்கென்று உரிமம் பெற்ற மென்பொருள் திறக்க மறுக்கும். எனவே சில்லின் பக்கத்தை மெல்ல அராவி, உள்ளிருக்கும் முனைகளில் புதிய மின்கலத்தை ஈயத்தால் பற்றவைக்கிறார்கள். கைநடுங்காமல் செய்ய வேண்டிய, மெச்சத்தக்க வேலை.

பழைய கணினி வைத்திருக்கும் புத்தளம், கற்பிட்டி, சிலாபம் கரையோர நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உப்பளத்துக் காற்று செம்புத் தடங்களில் பச்சை பூக்க வைக்கும். நெடுநாள் கிடந்த கணினிக்கு எடுத்தவுடன் மின்சாரம் கொடுக்காதீர்கள். திறந்து, தூசு தட்டி, ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மின்வழங்கியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வன்தட்டு சுழன்றால், வேறெதுவும் செய்யுமுன் முழுவதையும் பிரதி எடுங்கள். இயந்திரம் இன்னொன்று கிடைக்கலாம். அதிலுள்ள மென்பொருள் கிடைப்பது அரிது.

உங்கள் ஊர் ஸ்டூடியோவில் பழைய கணினி ஏதும் கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் அதன் வன்தட்டையாவது கழற்றி வையுங்கள்.