கைத்தொலைபேசிப் படம் மனத்தைச் சொல்லுமா?

கைத்தொலைபேசியில் ஒரு படம் இருந்தால், அதை அவர் விரும்பித்தான் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாமா? 2019 அக்டோபரில் மலாக்காத் தமிழர்களின் வாசலுக்கே வந்த கேள்வி இது.

அப்போதைய காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதன் உட்பட 12 பேர் சொஸ்மா சட்டத்தில் கைதானார்கள். 2014-இல் மலேசியா பயங்கரவாத இயக்கமாக அறிவித்த விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்பது காரணம். போர்க்களத்தில் 2009 மே மாதமே முடிந்துபோன இயக்கம் அது! 2018 நவம்பர் 28 இரவு ஆயர் குரோவில் நடந்த நிகழ்ச்சியில் ஆதரவு தந்தார் என்று சாமிநாதன் மீது வழக்கு. வேறு சிலர் மீதான வழக்கு, கைத்தொலைபேசியிலும் முகநூலிலும் இருந்த படங்களுக்காக.

சட்டம் செயலை மட்டும் பார்ப்பதில்லை, எண்ணத்தையும் தேடுகிறது. இங்கேதான் சிக்கல். வாட்சாப் குழுவில் யாரோ அனுப்பும் படம், கேளாமலேயே நம் கைத்தொலைபேசியில் இறங்கிக் கிடக்கும். ஆசைப்பட்டுச் சேமித்த படமும் அதன் பக்கத்திலேயே இருக்கும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பகிர்வது அப்படியல்ல, அது நம் விரல் செய்யும் வேலை என்று மறுதரப்பு வாதிடலாம், நியாயமே. ஆனால் மாண்டவருக்கு விளக்கேற்றுவதும் ஆயுதத்துக்கு ஆள் சேர்ப்பதும் ஒன்றாகிவிடுமா?

2019 நவம்பர் 29-இல் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான், ஜாமீனை மறுக்கும் சொஸ்மாவின் 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரி 21-இல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் 12 பேர் மீதான வழக்குகளையும் கைவிட்டார். ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பதாலேயே ஒருவர் பயங்கரவாதியாகிவிட மாட்டார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.